மணிக்கட்டுப் பட்டையில் 1 மெகாஓம்

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் வாங்கிய மலிவான ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டையை (கணினியைத் திறந்து வேலை செய்யும்போது உடலில் சேரும் நிலைமின்சாரத்தை எர்த்துக்குக் கடத்த மணிக்கட்டில் கட்டுவது) மல்டிமீட்டரில் அளந்தால் 0.4 ஓம்! உள்ளே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரே இல்லை, வெறும் கம்பி. கை தவறி 240 வோல்ட்டில் பட்டால் மின்சாரம் தடையின்றி உடல் வழியே எர்த்துக்குப் போய்விடும்.

கம்பியை மணிக்கட்டுப் பக்கமாகவே வெட்டி, 1 மெகாஓம், அரை வாட் ரெசிஸ்டரைப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டேன். (கால் வாட் வேண்டாம்; பலவும் 250 வோல்ட்தான் தாங்கும், 240 வோல்ட் ஏசி மின்சாரத்தின் உச்சமோ 340.) இனி 240 வோல்ட் பட்டாலும் 0.24 மில்லியாம்ப்தான். கம்பியின் மறுமுனையிலுள்ள முதலைக் கிளிப்பிலிருந்து பட்டையின் தகடு வரை மல்டிமீட்டர் 1 மெகாஓம் காட்ட வேண்டும். எண்ணே வராவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது.

கிளிப்பைக் கணினிப் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். மூன்று பின் பிளக் சாக்கெட்டிலேயே இருக்கட்டும், சுவிட்சை மட்டும் அணையுங்கள்; எர்த் துண்டிக்கப்படாது. மின்சாரம் ஓடும் பவர் சப்ளையைத் திறந்து சோதிப்பதென்றால் பட்டையைக் கழற்றிவிடுங்கள், ரெசிஸ்டர் இருந்தாலும் சரி.