பாம்புத் தொட்டியில் காய்ந்து ஒட்டிய வெள்ளைக் கறைக்கு ஆப்ப சோடா

பாம்பை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து டிஷ்யூ பேப்பரை அதில் நனைத்துக் கறைமேல் ஒட்டி, கால் மணி நேரம் விடுங்கள், அப்புறம் துடைத்தால் கறை மாவு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அந்த வெள்ளைக் கட்டி பாம்பின் சிறுநீர்க் கழிவு, பெரும்பாலும் யூரிக் அமிலம். அது பச்சைத் தண்ணீரில் லேசில் கரையாது, காரத்தன்மையுள்ள நீரில் நன்றாகவே இளகும், அதனால்தான் பலரும் சொல்லும் வினிகர் கண்ணாடியில் படியும் நீர்க்கறைக்குச் சரி, இதற்கு அவ்வளவாக உதவாது. தயவுசெய்து கத்தியால் சுரண்டாதீர்கள், அக்ரிலிக் தொட்டியில் கீறல் விழுந்தால் அழுக்கு அதற்குள்ளேயே தங்கிவிடும். கோலாலம்பூரில் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ எந்த மளிகைக் கடையிலும் ஆப்ப சோடா மலிவாகக் கிடைக்கும்.

ஆனால் இது கிருமிநாசினி இல்லை. பாம்பு இரையைக் கக்கியிருந்தாலோ, வயிற்றுப்போக்கு இருந்தாலோ, செதிலில் உண்ணி தெரிந்தாலோ தொட்டியை முழுதாகக் காலி செய்து, பாம்புக்கு ஆகிற கிருமிநாசினி போட்டுக் கழுவித்தான் ஆகவேண்டும், பினாயில் மட்டும் வேண்டவே வேண்டாம், அது பாம்புக்கு விஷம். வார்னிஷ் பூசாத மரப்பெட்டிக்கும் இந்த வழி ஆகாது, மரம் தண்ணீரைக் குடித்துவிடும், கோலாலம்பூரின் ஈரக்காற்றில் சீக்கிரமே பூஞ்சை பிடிக்கும்.