பெட்டியைக் கலைக்காதீர்கள்: கிரேக்கக் குடியேறிகளின் வரலாற்றைச் சேகரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்பர்ன் புறநகர் ஒன்றில் உள்ள உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். எங்கள் பகுதியில் கிரேக்கக் குடும்பங்கள் அதிகம். 1950களிலும் 60களிலும் கப்பலேறி வந்த தலைமுறை இப்போது எண்பதையும் தொண்ணூறையும் தொட்டுவிட்டது. பாட்டி முதியோர் இல்லத்துக்குப் போனதும் வீட்டைக் காலி செய்யும் பேரப்பிள்ளைகள் ஒரு டிரங்குப் பெட்டியோடு சங்க வாசலில் வந்து நிற்கிறார்கள். அதைப் பிரித்துப் பதிவு செய்யப் புதிதாக வரும் தன்னார்வலர்கள், ஆரம்பத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள். படத்தில் செலோடேப் ஒட்டாதே, பேனாவால் எழுதாதே என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

‘முதல் கிரேக்கர்’ யார் என்று துருவுவது

கடற்கொள்ளைக் குற்றத்துக்காக ஹைட்ரா தீவைச் சேர்ந்த ஏழு மாலுமிகள் 1829ல் கைதிகளாகச் சிட்னிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மன்னிப்புக் கிடைத்ததும் ஐந்து பேர் ஊர் திரும்பினார்கள், இருவர் தங்கிவிட்டார்கள். சரி, விடை தெரிந்துவிட்டது. அடுத்த வேலையைப் பாருங்கள்.

கிரேக்கர் என்றால் கிரீஸ் குடிமகன் என்று நினைப்பது

பெர்த்துக்கும் சிட்னிக்கும் ஏராளமானோரை அனுப்பிய காஸ்டெல்லோரிஸோ தீவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அது துருக்கியரின் ஒட்டோமான் பேரரசில் இருந்தது. 1915ல் பிரெஞ்சுப் படை வந்து இறங்கியது, 1921ல் இத்தாலியின் கைக்குப் போனது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் கிரீஸோடு சேர்ந்தது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் துருக்கிக் குடிமகனாகவும் தம்பி இத்தாலியக் குடிமகனாகவும் பதிவாகியிருப்பார்கள். சைப்ரஸ்காரர் அன்றைக்குப் பிரிட்டிஷ் குடிமகன். அலெக்சாண்டிரியாவிலிருந்து வந்தவரின் பிறந்த நாடு எகிப்து. ஆவணக் காப்பகத்தில் ‘கிரீஸ்’ என்று மட்டும் தட்டித் தேடிவிட்டு, இந்தக் குடும்பத்துக்கு ஆவணமே இல்லை என்று எழுதி வைக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, தேடாமலே கிடைக்கும் புதையல் ஒன்றும் உண்டு. முதல் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் கிரீஸ் நடுநிலை வகித்ததால் ஆஸ்திரேலிய அரசுக்கு இங்கிருந்த கிரேக்கர்கள் மேல் சந்தேகம். 1916ல் ஊர் ஊராகக் காவல்துறையை விட்டு ரகசியமாகக் கணக்கெடுத்தார்கள். யார், எங்கே இருக்கிறார், என்ன தொழில் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அன்றைய வேவு இன்றைக்கு நமக்குச் சோறு போடுகிறது.

பெட்டியைப் பிரித்துத் தலைப்புவாரியாக அடுக்குவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். இதைச் செய்பவர்கள் சோம்பேறிகளாக இருந்தால் பரவாயில்லை. சங்கத்திலேயே மிகவும் சுத்தமாக, ஆசையாக வேலை செய்பவர்கள்தான் செய்கிறார்கள்.

கித்தேரா தீவிலிருந்து வந்து, நியூ சவுத் வேல்ஸின் உட்புற ஊர் ஒன்றில் கஃபே நடத்திய குடும்பத்தின் பெட்டி எங்களிடம் வந்தது. கொண்டுவந்தவர் பேத்தி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்போதுதான் சங்கத்தில் சேர்ந்திருந்தார். ஒரே பிற்பகலில் பெட்டியைக் காலி செய்து கோப்புகளாக்கிவிட்டார். திருமணம் ஒரு கோப்பு, ஞானஸ்நானம் ஒன்று, கடை ஒன்று, கப்பல் ஒன்று. மிச்சமிருந்ததற்கு ‘அடையாளம் தெரியாத பெண்கள்’ என்று பெயர். காலி உறைகள் இடத்தை அடைக்கின்றன என்று குப்பையில் போட்டுவிட்டார். கடிதங்களைத் தனியே எடுத்துத் தேதி வரிசையில் வைத்துவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்கள் யாரென்று பெட்டிக்குத் தெரிந்திருந்தது. இங்கே தனியாக வந்து உழைத்த ஆண்களுக்கு ஊரில் பெண் பார்த்தார்கள். அத்தையோ மாமாவோ தரகரோ கடிதம் எழுதி, பெண்ணின் படத்தை உள்ளே வைத்து அனுப்புவார்கள். இங்கிருக்கும் மாப்பிள்ளை கோட்டும் டையும் மாட்டி ஸ்டுடியோவில் எடுத்த படத்தைப் பதிலுக்கு அனுப்புவார். போருக்குப் பிறகு இது இன்னும் பெருகி, 1950களில் மணப்பெண்களையே நூற்றுக்கணக்கில் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் மெல்பர்னுக்கு வந்தன. ஆகவே ஓர் உறைக்குள் ஒரு கடிதமும் ஒரு படமும் இருந்தால், கடிதத்தில் பேசப்படுபவர் அநேகமாக அந்தப் படத்தில் இருப்பவர்தான். உறையில் ஊர் முத்திரை, அனுப்பியவர் பெயர், தேதி எல்லாம் இருக்கும். உறை, கடிதம், படம் மூன்றையும் மூன்று இடத்துக்குப் பிரித்த பிறகு யாருடைய படம் எந்தக் கடிதத்தில் வந்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் யார், நிராகரிக்கப்பட்டவர் யார், விசா கிடைக்காமல் ஊரிலேயே தங்கிய தங்கை யார், எல்லோரும் ஒரே கோப்பில் பெயரில்லாமல் கிடக்கிறார்கள்.

பேத்தியிடம் கேட்டோம். அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பார் என்றார். அவர் அம்மா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதே பெட்டியில் இன்னொரு கொடுமையும் நடந்தது. படங்களின் முகப்பை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு அசலைக் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பின்பக்கத்தில் கிரேக்கத்தில் ஏதோ கிறுக்கியிருக்கிறது, நமக்கோ கிரேக்கம் தெரியாது, அதனால் விட்டுவிட்டோம் என்று விளக்கம் வேறு. அந்தக் காலப் படங்களில் பாதி அஞ்சலட்டைத் தாளில் அச்சிட்டவை. பின்பக்கம்தான் கடிதமே. ஸ்டுடியோ முத்திரையும் அங்கேதான் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் நாளைக்கு வருவார். அன்றைக்குப் படிக்கப் பின்பக்கம் இருக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு படம் எடுங்கள், திறந்ததும் ஒன்று, ஒவ்வோர் அடுக்கையும் தூக்கும்போது ஒன்று. மேலிருந்து கீழாக எண் கொடுங்கள். உறைக்குள் இருந்தவற்றுக்கு உறையின் எண்ணையே துணை எண்ணோடு கொடுங்கள்: 14, 14அ, 14ஆ. சம்பந்தமே இல்லாத ரசீது ஒன்று நடுவில் செருகியிருந்தால் அதுவும் அங்கேயே இருக்கட்டும். தலைப்பு பிரிக்கும் ஆசையைக் கணினியில் தீர்த்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் ஒரே படத்தைப் பத்துத் தலைப்பில் போடலாம். பெட்டியில் அதற்கு இருக்கும் இடம் ஒன்றுதான்.

கிரேக்கக் கஃபேயில் கிரீஸைத் தேடுவது

கண்காட்சி வைக்கலாம் என்றதும் நீல வெள்ளைக் கொடி, ஆலிவ் கிளை, மூசாக்கா என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியச் சிற்றூர்களின் கிரேக்கக் கஃபேயில் கிரேக்க உணவு அநேகமாகக் கிடைக்காது. வறுத்த மாட்டிறைச்சியும் முட்டையும், மிக்ஸ்டு கிரில், சோடா, ஐஸ்கிரீம், மில்க் ஷேக் இவைதான். ஊர்க்காரர் கேட்டதை இவர்கள் சமைத்தார்கள். கடை மேடையிலேயே சோடா கலந்து ஊற்றித் தரும் சோடா ஃபவுண்டன் யோசனை அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு வந்த கிரேக்கர்கள் வழியாக வந்தது. 1932ல் சிட்னி மார்ட்டின் பிளேஸில் மிக் ஆடம்ஸ் என்ற கிரேக்கர் திறந்த மில்க் பாருக்கு (மில்க் ஷேக் விற்கும் கடைக்கு)ப் பிறகு அந்த மாதிரிக் கடை நாடெங்கும் பரவியது. ஆகவே உணவுப் பட்டியல், கண்ணாடிக் கோப்பை, வேலையாட்களின் சம்பளப் புத்தகம் இவற்றைத் தேடுங்கள்.

இதைச் சரியாகச் செய்திருக்கும் ஊர் நியூ சவுத் வேல்ஸின் பிங்கரா. கித்தேராக்காரர் மூவர் கூட்டாக அங்கே ராக்ஸி திரையரங்கையும் பக்கத்திலேயே ஒரு கஃபேயையும் கட்டி 1936ல் திறந்தார்கள், விரைவிலேயே கடனில் மூழ்கினார்கள். பிற்பாடு உள்ளூராட்சி மன்றம் திரையரங்கை வாங்கிப் புதுப்பித்து 2004ல் திறந்தது. அப்புறம் கஃபேயையும் மீட்டு, கிரேக்கக் கஃபேகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் அமைத்தார்கள். தொழிலில் தோற்றவர்களின் கதையை மறைக்காமல் சொல்வது எனக்குப் பிடித்தது. பெரும்பாலான குழுக்கள் வெற்றி பெற்ற கடைக்காரரை மட்டும்தான் சுவரில் மாட்டுகின்றன.

கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்காரவைத்துப் பேட்டி எடுப்பது

கணவர் பேசுவார். அவர் மனைவி காபி கொண்டுவருவார். தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தோடு இருபது ஆண்டு கழித்தவர் அவர் மனைவிதான். வேறொரு நாள் போங்கள், சமையலறையில் உட்காருங்கள்.

தேதியைத் திருத்துவது

1923 வரை கிரீஸில் பழைய ஜூலியன் நாட்காட்டி; இருபதாம் நூற்றாண்டில் அது நாம் பயன்படுத்தும் நாட்காட்டியைவிட 13 நாள் பின்தங்கியது. எழுதியிருப்பதை அப்படியே பதிந்து, குறிப்பைப் பக்கத்தில் போடுங்கள்.

ஒரு தரப்பின் பெட்டியை மட்டும் வாங்குவது

மெல்பர்னின் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சமூகம் என்ற அமைப்பு 1897ல் தொடங்கியது. ஆனால் 1960களில் அதற்கும் பேராயத்துக்கும் (பேராயரின் திருச்சபை நிர்வாகத்துக்கும்) கடும் பிளவு. இடதுசாரிகளுக்கோ 1935ல் தொடங்கிய டெமோக்ரிட்டஸ் சங்கம் இருந்தது. கிரீஸின் உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற குடும்பங்கள் இங்கே ஒரே தெருவில் குடியிருந்தன. உங்கள் குழுவின் செயலாளர் எந்தக் கோயிலுக்குப் போகிறாரோ அந்தக் கோயில்காரர்களின் பெட்டிகள்தான் முதலில் வரும். மற்றவர்கள் தாமாக வரமாட்டார்கள். நீங்கள்தான் போய்க் கதவைத் தட்ட வேண்டும். போரைப் பற்றி முதல் சந்திப்பில் கேட்காதீர்கள்.

வாய்ச் சம்மதத்தோடு வாங்கிவைப்பது

ஒரு பக்கத் தாள் போதும்: கொடுப்பவர் பெயர், நன்கொடையா இரவலா, ஸ்கேனை வெளியிடலாமா, சங்கம் கலைந்தால் பெட்டி எந்த நூலகத்துக்குப் போக வேண்டும். கையெழுத்து வாங்கி ஒரு பிரதியைப் பெட்டிக்குள்ளேயே போடுங்கள்.