மீன் பிடிக்கப் போகும்போது ஜிபிஎஸ்: பலரும் செய்யும் தவறுகள்

நண்பர் வாட்ஸப்பில் அனுப்பிய பாயின்ட்டை, அதாவது ஓர் இடத்தின் ஜிபிஎஸ் எண்ணை, வைத்துத் தேடிப் போகிறீர்கள். பார் (மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டு) இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சேறு. பாயின்ட் கொடுத்தவரைத் திட்டுவதற்கு முன், உங்கள் கருவி எண்ணை எந்த முறையில் காட்டுகிறது என்று பாருங்கள். நான் பார்த்தவரை, பெரும்பாலான குழப்பம் இங்கேதான்.

சென்னைக்கு எதிரே 13.075 என்ற அட்சரேகையை எடுத்துக்கொள்வோம். கூகுள் மேப் இப்படித்தான் பாகையைத் தசமத்தில் காட்டும். படகுக் கருவிகளில் பெரும்பாலும் அதே இடம் 13° 04.500' என்று இருக்கும். வினாடியில் எழுதினால் 13° 04' 30". முதல் எண்ணை 13° 07.5' என்று அடித்துவிட்டால், வடக்கே 3 கடல் மைல், அதாவது ஐந்தரை கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். 04.500-ஐ 4 நிமிடம் 50 வினாடி என்று எடுத்துக்கொண்டாலும் 600 மீட்டருக்கு மேல் பிசகும். செட்டிங்ஸில் 'பொசிஷன் ஃபார்மட்' என்று இருக்கும். கொடுத்தவர் எழுதிய முறைக்கு அதை மாற்றிவிட்டு எண்ணை அடியுங்கள். அதன் அருகிலேயே இருக்கும் 'டேட்டம்' (எண்களை எந்தப் பூமி அளவீட்டை வைத்துக் கணக்கிடுவது என்ற செட்டிங்) டபிள்யூஜிஎஸ் 84 என்று இருக்கட்டும்.

அடுத்தது, மீன் படகில் ஏறிய பிறகு பாயின்ட் பதிவது. இன்ஜினை அணைத்துவிட்டு மிதந்தபடி தூண்டில் போடும்போது, நீரோட்டம் ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் இருந்தால்கூட படகு நிமிடத்துக்கு 30 மீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கும். பெரிய வஞ்சிரத்தோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டினால் 300 மீட்டர் போயிருப்பீர்கள். மீன் கடித்த நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும். கம்பு பிடித்தவரால் முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

நங்கூரமும் அப்படித்தான். திரையில் பாயின்ட்டுக்கு நேர் மேலே வந்ததும் நங்கூரத்தைப் போட்டுவிடுகிறார்கள். 30 மீட்டர் ஆழத்தில் 90 மீட்டர் கயிறு விட்டால், படகு நங்கூரத்திலிருந்து 80 மீட்டருக்கு மேல் பின்னால் போய்த்தான் நிற்கும். சின்னப் பாராக இருந்தால் தூண்டில் அதன்மேல் விழவே விழாது. முதலில் இன்ஜினை நியூட்ரலில் போட்டுவிட்டு, படகு எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று இரண்டு நிமிடம் திரையில் பாருங்கள். பாயின்ட்டிலிருந்து அதற்கு எதிர்ப்பக்கம், கயிறு விட்டதும் படகு பின்னால் போகும் அளவு தள்ளிப் போய் நங்கூரத்தை இறக்குங்கள்.

திரும்பும்போது நடக்கும் தவறுதான் எனக்குப் பயம் தருவது. துறைமுகத்துக்குள் இருக்கும் பாயின்ட்டைத் தேர்ந்தெடுத்து 'கோ டு' அழுத்தினால், கருவி நேர்கோடு ஒன்றைப் போட்டுக் காட்டும். நடுவில் அலைத் தடுப்புக் கற்கள் இருக்கிறதா என்று அது பார்க்காது. இரவில் அந்தக் கோட்டை நம்பி வந்தால் கல்லில் மோத வேண்டியதுதான். துறைமுக வாய்க்கு வெளியே, ஆழமான இடத்தில் ஒரு பாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வெளியே போகும்போது 'டிராக்' (படகு போன தடம்) பதிவாகட்டும்; அதன் மேலேயே திரும்பி வாருங்கள்.

மொபைல் மட்டும் போதும் என்று போகிறவர்களுக்கு: சிக்னல் இல்லாவிட்டாலும் மொபைலின் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைக்காவிட்டால், வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளிதான் தெரியும். அப்புறம், வெளிநாட்டு உறவினர் வாங்கி வரும் இன்ரீச் போன்ற, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகள். உரிய அனுமதி இல்லாமல் இந்தியாவில் அவற்றை வைத்திருந்தால் வழக்கு வரும். சாதாரண ஜிபிஎஸ் கருவிக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ராமேஸ்வரம் பக்கம் போகிறவர்கள் 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இலங்கை எல்லைக் கோட்டையும், மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளையும் கிளம்பும் முன்பே கருவியில் ஏற்றி, நெருங்கினால் அலாரம் அடிக்கும்படி வைக்க வேண்டும். அந்த அலாரத்தைக் கோட்டின் மேலேயே வைத்தால் பயனில்லை. இன்ஜின் நின்றுபோனால் படகு இழுபடும் தூரத்தையும் கணக்கில் எடுத்து, இரண்டு மூன்று கடல் மைல் முன்னாலேயே வையுங்கள்.