கிளமிடியா டெஸ்ட்டுக்குப் போகும்முன்

பாலியல் தொற்றுப் பரிசோதனைக்கு மாதிரி வாங்குவது என் வேலை. “எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே, டெஸ்ட் எதற்கு?” என்று பலரும் கேட்பார்கள். கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்றைப் பொறுத்தவரை தொந்தரவு இல்லாததை நம்பவே கூடாது. தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கும், ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் எதுவும் தெரிவதில்லை. சிலருக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், புதிதாகக் கசிவு, பெண்களுக்கு மாதவிடாய்க்கு இடையே இரத்தப்போக்கு வரலாம். வெளியே தெரியாவிட்டாலும் கிருமி கருப்பைக்கு ஏறி, கருக்குழாயில் தழும்பை உண்டாக்கலாம். அதனால் குழந்தைப்பேறே தடைபடலாம். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

உறவு கொண்ட மறுநாளே ஓடி வர வேண்டாம். 2 வாரம் கழித்துப் பார்த்தால்தான் முடிவை நம்பலாம். அறிகுறி இருந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். ஆண்கள் சிறுநீர் தந்தாலே போதும். ஆனால் அதற்கு முன் 1 மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். முதலில் வரும் 20, 30 மில்லியைத்தான் பிடிக்க வேண்டும். கிருமி சிறுநீர்க்குழாயின் சுவரில் இருப்பதால் முதலில் வருவதோடுதான் அது அடித்துக்கொண்டு வரும். முதலில் வருவதை விட்டுவிட்டு, இடையில் வரும் சிறுநீரைக் குப்பி நிறையக் கொண்டுவந்தால் திருப்பித்தான் அனுப்புவேன். பெண்களுக்குப் பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுப்பது நல்லது, தாங்களே எடுத்துக்கொள்ளலாம். வாய்வழி, ஆசனவாய்வழி உறவு உண்டென்றால் தயங்காமல் சொல்லுங்கள். அங்கிருந்தும் எடுக்காவிட்டால் தொற்று தப்பிவிடும்.

முடிவு பாசிட்டிவ் என்றால் பயம் வேண்டாம், இது குணமாகும். வழக்கமாக டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 100 மில்லிகிராம், தினம் 2 வேளை, 7 நாள். நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்கு இது வேண்டாம், அவர்களுக்கு அசித்ரோமைசின் இருக்கிறது. மருத்துவர் எழுதித் தராமல் எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

அப்புறம், துணையிடம் சொல்லியே ஆக வேண்டும். எப்போது தொற்றியது என்று இந்த டெஸ்ட் சொல்லாது, அதை வைத்து யார் மீதும் பழி போட முடியாது. இருவரும் மருந்தை முடிக்கும்வரை (அசித்ரோமைசின் என்றால் அதற்குப் பின் 7 நாளும்) உறவு கூடாது, ஆணுறை போட்டாலும் கூடாது. ஒருமுறை வந்து போனால் எதிர்ப்பு சக்தி எதுவும் கிடைத்துவிடாது, மறுபடியும் தொற்றும். அதனால் 3 மாதம் கழித்து, உடம்பு நன்றாக இருந்தாலும், இன்னொரு முறை வந்து மாதிரி கொடுத்துவிட்டுப் போங்கள்.