காற்று வடிகட்டி நனைந்த மர்மம்

என் 125 சிசி டூ-ஸ்ட்ரோக் மண்தட பைக் நான்கு நாள்களைத் தின்றுவிட்டது. குளிர்ந்த எஞ்சினை 20 உதை உதைத்தாலும் கிளம்பாது. கிளம்பினால் ஐடிலிங்கில் தள்ளாடும். முழு வேகத்திலோ ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது.

ஸ்பார்க் பிளக் மாற்றினேன். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றி பெட்ரோல் வரும் நுண்துளைகளான ஜெட்டுகளை ஊதினேன். கிராங்க் தண்டின் ஓரம் கசியாமல் அடைக்கும் கிராங்க் சீலையும் சந்தேகித்தேன். பயனில்லை.

மூன்றாம் நாள் காற்று வடிகட்டியைக் கழற்றியபோது உட்புறம் பெட்ரோலில் நனைந்திருந்தது. பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறைக்குள் போன பெட்ரோல்-காற்றுக் கலவை திரும்பி வருகிறது என்றால் வழி ஒன்றுதான்: ரீட் வால்வு, அதாவது கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய இதழ்கள் கொண்ட ஒருவழிக் கதவு.

இதழ்கள் பொருத்திய கூண்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். இதழ்களில் விரிசல் இல்லை, முனை பிய்ந்திருக்கவில்லை. ஆனால் ஓர் இதழின் நுனியில் மட்டும் மயிரிழை வெளிச்சம். கார்புரேட்டர் பக்கமாகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றியதும் அங்கேதான் ஒழுகியது.

இதழின் ஒரு மூலை வெட்டப்பட்டிருக்கும். இதழ் அளவுக்கு மீறித் திறக்காதபடி மேலே வரும் தடுப்புத் தகட்டிலும் அதே வெட்டு உண்டு. இரண்டும் ஒரே மூலையில் சேர வேண்டும். என்னுடையதில் எதிரெதிர் மூலைகளில் இருந்தன. இதழுக்குச் சிறு வளைவு உண்டு. புரட்டி மாட்டினால் நுனி, அது மூட வேண்டிய கூண்டின் விளிம்பில் படியாது. போன மழைக்காலத்தில் அதைத் துடைத்து மாட்டிய மேதை நானேதான்.

திருப்பி மாட்டி, திருகுகளுக்குத் துளி திரெட் லாக் (தளராமல் பிடிக்கும் பசை) இட்டேன். கழன்று விழுந்தால் அவை நேரே எஞ்சினுக்குள்தான் போகும். மூன்றாவது உதையில் கிளம்பியது.