பழைய காம்பாக்ட் கேமரா வாங்கப் போறீங்களா?

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையிலோ தெரிந்தவரிடமோ பழைய டிஜிட்டல் கேமரா வாங்குவதானால், சார்ஜ் ஏற்றிய பேட்டரி போட்டு ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். "பேட்டரி மட்டும்தாங்க இல்ல" என்றால் நகர்ந்துவிடலாம்.

லென்ஸ்தான் முதலில் போகும். ஜூமை முழுக்க நீட்டி உள்ளிழுங்கள், நாலைந்து முறை. கரகரவென்று சத்தம் வந்தாலோ பாதியில் நின்றாலோ உள்ளே மணல் புகுந்திருக்கலாம், கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். கழற்றிச் சரிசெய்யும் கூலிக்கு இன்னொரு கேமராவே வந்துவிடும். செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து லென்ஸுக்குள் பாருங்கள்; சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை. பிறகு ஜூமை நீட்டியே வைத்து வெள்ளைச் சுவரைப் படம் எடுங்கள். எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மங்கலான கரும்புள்ளி இருந்தால், படத்தைப் பதியும் சென்சாரில் தூசி.

பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். உலோகத் தகட்டில் பச்சை படிந்திருந்தால் உப்புக்காற்றோ கசிந்த செல்லோ வேலையைக் காட்டியிருக்கிறது. மூடியின் கொக்கி உடைந்திருந்தாலும் வேண்டாம்.

படங்களைச் சேமிக்கும் மெமரி கார்டில் ஏமாறாதீர்கள். 2010-க்கு முந்தைய சோனி சைபர்-ஷாட்டுக்கு மெமரி ஸ்டிக், பழைய ஒலிம்பஸுக்கு எக்ஸ்டி கார்டு. இரண்டும் இப்போது கிடைப்பது அரிது. எஸ்டி கார்டு போடும் மாடலாகப் பாருங்கள். மிகப் பழையவை 2 ஜிபிக்கு மேல் ஏற்காது, அதனால் உங்கள் கார்டையே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். கேனான் பவர்ஷாட் ஏ வரிசையில் பல மாடல்கள் சாதாரண பென்சில் செல்லிலேயே ஓடும். ரீசார்ஜ் செல் போட்டால் கூடுதல் நேரம் தாங்கும். தேதி அடிக்கடி அழிவது பெரிய குறையில்லை, விலையைக் குறைக்க மட்டும் பயன்படுத்துங்கள்.