பெரிய இன்ஜெக்டர் போட்ட லாரியை ஷெட்டிலேயே செட் செய்யாதீர்கள்

செங்கோட்டையில் டீசல் பட்டறை வைத்திருக்கிறேன். வேலை பழக வந்த பையன், பெரிய நாசில் (டீசலைத் தெளிக்கும் முனை) உள்ள இன்ஜெக்டர்களை ஒரு பத்துச் சக்கர லாரியில் மாட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தான். "சத்தம் நல்லாருக்கு அண்ணாச்சி, அனுப்பிரலாமா?" என்றான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இருபது வருடத்துக்கு முன் நானும் இதையே சொல்லித்தான் ஒரு வண்டியை அனுப்பினேன்.

ஃபில்டர் மாற்ற மறப்பது, போல்ட் இறுக்காமல் விடுவது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விட்டுவிடுகிறேன்.

சுமை ஏற்றாமல் செட் செய்வது

அன்று, முழுச் சுமையில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று முடிவு செய்யும், டீசல் பம்பின் ஃபுல் லோடு ஸ்க்ரூவை நன்றாகவே கூட்டி வைத்தேன். ஷெட்டில் புகை அதிகமில்லை. வண்டி சிமெண்ட் லோடோடு புனலூருக்குக் கிளம்பியது. வழக்கமாக இரண்டாவது கியர் கேட்கும் புளியரை ஏற்றத்தில் மூன்றாவதிலேயே இழுக்கிறது என்று ஓட்டுநர் சந்தோஷமாக போன் செய்தார். கோட்டைவாசலை எட்டுவதற்குள் இன்ஜின் தட்ட ஆரம்பித்துவிட்டது.

ஹெட்டைக் கழற்றினால் ஒரு பிஸ்டனின் தலை, உருகிய மெழுகுவர்த்தி மாதிரி ஓரம் வழிந்து ஓட்டையாகிக் கிடந்தது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் இறக்கைகளில் அலுமினியப் பொட்டுகள். பிஸ்டன், லைனர், டர்போ எல்லாம் என் செலவு. வண்டிக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தவணை கட்ட வேண்டியவர், தினமும் வந்து லாரி பக்கத்தில் நின்றுவிட்டுப் போவார். இன்னும் அது என்னை அறுக்கிறது.

காரணம் இதுதான். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய அதற்கும் மேலே வேண்டும். பெட்ரோல் வண்டியில் எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும். டீசலில் நேர்மாறு, டீசல் கூடக் கூடச் சூடு ஏறும். சுமையில்லாத இன்ஜின் கொஞ்சம்தான் டீசல் குடிக்கும், டர்போவும் அழுத்தம் காட்டாது. ஷெட்டில் நீங்கள் பார்ப்பது வேறொரு இன்ஜின்.

அதனால் டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் வெப்ப மீட்டர் பொருத்துங்கள். டீசலைக் குறைத்து வைத்து, லோடு ஏற்றி, மலை ஏறுங்கள். 700 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஆக்சிலேட்டரை விட்டு, கியரை இறக்க வேண்டும். தொடர்ந்து அதே சூடு வந்தால் டீசலைக் குறையுங்கள். அதற்கு முன், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். அங்கே கசிந்தால் மற்ற கணக்கெல்லாம் வீண்.

பழைய செம்பு வாஷர்

இன்ஜெக்டருக்கு அடியில் வரும் இந்த வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். இரண்டை அடுக்கவும் கூடாது. நாசில் மேலேறி, டீசல் தப்பான இடத்தில் தெளிக்கும்.

காமன் ரெயில் வண்டி

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும், கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் வண்டி இது. புது இன்ஜெக்டரின் குறியீட்டை ஸ்கேனரில் ஏற்றாமல் ஓட்டக் கூடாது. ஓடும்போது பைப்பை லூஸ் செய்து பார்ப்பது உயிருக்கே ஆபத்து. ஆயிரம் பாரை, அதாவது காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கைத் தாண்டிய அழுத்தத்தில் வரும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கரும்புகையைப் பெருமையாக நினைப்பது

அது எரியாத காசு.

அன்று சாயங்காலமே அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு லோடோடு மலை ஏறினேன். எஸ் வளைவில் முள் 720ஐத் தொட்டது. திரும்பி வந்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் பின்னால் எடுத்தோம். மறுநாள் அதே வளைவில் 650. அப்புறம்தான் சாவியைக் கொடுத்தோம்.